கட்டியோ

"அதர்வைஸ்னா கட்டுறதா சார்?"

கேட்டது, எங்கள் பாடநூல் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத பெண். மெய்ப்புத் தாளில் என் மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு சொல்லைப் பென்சிலால் சுழித்திருந்தாள்.

1794 மார்ச் 27 அன்று அமெரிக்க அதிபர் வாஷிங்டன் கையெழுத்திட்ட கடற்படைச் சட்டம் அது. 44 பீரங்கி தாங்கும் நான்கு கப்பல்கள், 36 தாங்கும் இரண்டு. இந்த ஆறையும் அதிபர் எப்படிப் பெறலாம் என்பதற்கு முதல் பிரிவில் இருப்பது 'பை பர்ச்சேஸ் ஆர் அதர்வைஸ்', அதாவது விலைக்கு வாங்கியோ வேறு வகையிலோ, என்பதுதான். 'விலைக்கு வாங்கியோ கட்டியோ' என்று நான் எழுதியிருந்தேன்.

"ஆறையும் கட்டத்தானேம்மா செஞ்சாங்க? படிக்கிற பிள்ளைக்குப் புரிய வேண்டாமா?"

"சரி சார்" என்று ரப்பரை எடுத்தாள்.

அந்தச் 'சரி'தான் இன்னும் போகவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கப்பல்களை வடிவமைத்த ஜோஷ்வா ஹம்ஃப்ரீஸ் மனத்தில் வைத்திருந்த மாதிரி நீளமும் உறுதியும் எந்தச் சரக்குக் கப்பலிலும் கிடைத்திருக்காது. ஜார்ஜியா காடுகளில் ஓக் மரம் வெட்டி, போர்ட்ஸ்மவுத் முதல் நார்ஃபோக் வரை ஆறு ஊர்களில் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் இதெல்லாம் கையெழுத்துக்கு அப்புறம் நடந்தது. கையெழுத்திட்ட அன்றைக்கு யாருக்குத் தெரியும்? பிரதிநிதிகள் சபையில் 50 பேர் ஆதரவு, 39 பேர் எதிர்ப்பு. அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்துவந்த வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸுடன் சமாதானம் ஏற்பட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது என்று 9ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தவர்கள் அவர்கள். 1796இல் அப்படியே ஆயிற்று, வேலை நின்றது. மூன்று கப்பல்களை மட்டும் முடிக்கலாம் என்று மறுபடி ஒரு சட்டம் தேவைப்பட்டது. கதவைத் திறந்து வைத்தே பழகியவர்கள். அதில் ஒன்றை நான் சாத்திவிட்டேன்.

சரி, ஒரு சொல்தானே. 'வேறு வகையிலோ' என்று போட்டிருந்தால் ஆசிரியர்களே போன் செய்து 'எந்த வகை?' என்று கேட்டிருப்பார்கள். பாடம் எழுதுகிறவனுக்கு அந்தப் பயம் உண்டு. அவளுக்கு அது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இப்படி நினைத்துச் சில மாதம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் வேறொரு பாடத்துக்காகப் படிக்கும்போது 'கேஞ்சஸ்' கண்ணில் பட்டது. நம் கங்கைதான். பிலடெல்பியாவில் கட்டிய வணிகக் கப்பல். 1798இல் பிரான்ஸோடு தகராறு முற்றியபோது, இந்தச் சட்டத்தின் கீழ் அல்ல, வேறு ஏற்பாட்டில், அரசு அதை விலைக்கு வாங்கிப் பீரங்கி ஏற்றியது. பார்த்துப் பார்த்துக் கட்டிய கப்பல்களுக்கு முன்பே அதுதான் கடலில் இறங்கிக் காவலுக்குப் போனது.

அவளிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். எண் என்னிடம் இருக்கிறது. கங்கையை மட்டும் தகவலாகச் சொல்லலாமா, அந்தச் சொல்லையும் சேர்த்துப் பேசுவதா என்று யோசித்தபடியே இருக்கிறேன். மறுபதிப்புக்கான திருத்தப் படிவம் மேசையில் கிடக்கிறது. பக்க எண்ணை எழுதிவிட்டேன். 'திருத்தம்' என்ற கட்டம் காலி.