நீலமா இருக்கான்னு நாக்குல பாருங்க

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை மாசத்துல வெடிகாலைல பால் ஊத்தப் போற பசங்க வெரல் நுனியெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கும். அடுப்புகிட்ட உக்காந்து காஞ்சா கொஞ்ச நேரத்துல சரியாயிடும், குளிருக்கு வெரல்ல ரத்தம் மெதுவா ஓடறதால வர்றது அது. ஆனா இதப் பாத்துப் பாத்து பழகினதாலயே எங்க ஊருங்கள்ல ஆபத்தான நீலத்தையும் "குளிருதான்"னு விட்டுடறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு.

ஆக்சிஜன் ஏறின ரத்தம் நல்ல சிவப்பு. ஏறலன்னா கருஞ்சிவப்பு, தோல் வழியா அது நீலமா தெரியுது. நம்ம நெறத்துக்கு கன்னத்தப் பாத்து கண்டுபிடிக்க முடியாதுங்க. நாக்கு, உதட்டோட உள்பக்கம், ஈறு, இதுங்கள பகல் வெளிச்சத்துல பாருங்க. நாக்கு எப்பவும் சூடாத்தான் இருக்கும், அதனால அங்க நீலம்னா குளிர் காரணமில்ல, நுரையீரலோ இதயமோ சரியில்லாம இருக்கலாம். நகத்துல மருதாணி இருந்தா நகத்த நம்பவே வேணாம். கோவிட் சமயத்துல வாங்கி வச்ச ஆக்சிமீட்டர் கூட கருத்த தோலுக்கு சில நேரம் நெசத்த விட கூடுதலா காட்டும்.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற பொருள் ஹீமோகுளோபின்; 100 மில்லி ரத்தத்துல அது சுமார் 5 கிராமாவது ஆக்சிஜன் இல்லாம இருந்தாத்தான் கண்ணுக்கு நீலம் தெரியும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. ரத்தசோகைல மொத்தமே 7 கிராம் இருக்கற பொம்பளைக்கு அதுல 5 காலியாகற வரைக்கும் காத்திருந்தா என்னாகும்? நம்ம பக்கம் எத்தன பேருக்கு ரத்தம் கம்மி! மூச்சு வாங்குதுன்னா நீலத்துக்காக காத்திருக்காதீங்க.

பாலக்கோட்டுல எங்க சொந்தத்துல ஒரு பையன், ஓடி வெளையாடிட்டே இருப்பான், திடீர்னு குத்தவச்சு உக்காந்துக்குவான். ஆயா வீம்புன்னாங்க. பொறக்கும்போதே இதயத்துல ஓட்டை, நுரையீரலுக்குப் போற வழி குறுகல், ஃபாலோ டெட்ராலஜின்னு டாக்டர் சொன்னாரு. குத்தவச்சா நுரையீரலுக்கு ரத்தம் கூடுதலா போகும், அது அவன் உடம்பே கண்டுபிடிச்ச வைத்தியம். இந்த மாதிரி நீலக் குழந்தைக்கு 1944லயே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஆபரேஷன் பண்ணிட்டாங்க, இப்போ முதலமைச்சர் காப்பீட்டுலயே இங்க பண்ணிக்கலாம். இப்படி இதயக் கோளாறு இருக்கற கைக்குழந்தை அழுது நீலமாச்சுன்னா முழங்கால மடக்கி நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு உடனே 108க்கு போன் பண்ணுங்க, மந்திரிக்க அப்புறம் போய்க்கலாம்.