சுற்றறிக்கையை விடுங்கள், சேவ் போகும் இடத்தை மாற்றுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்ட ஆபீசில், கோப்புகளைப் பொது டிரைவில் போடுங்கள் என்று எத்தனை சுற்றறிக்கை வந்தாலும், ஆட்களின் வருகை, சம்பளக் கணக்கான செக்ரோல் என்னவோ பெரிய கிராணியின் (தலைமை எழுத்தரின்) டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும், 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. சோம்பேறித்தனம் என்பார் மேனேஜர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் மேசையைச் சுற்றி நிற்கும் நேரத்தில், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தேடிப் போய்ச் சேமிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

கடைசியில் ஐடி பையன் செய்தது சின்ன வேலை. எக்செலில் 'சேவ்' தட்டினால் பொது டிரைவில் அந்த மாத ஃபோல்டரே முதலில் திறக்கும். டிவிஷன், மாதம், ஆண்டு எல்லாம் கோப்பின் பெயரில் தானாக விழும். வேறு இடத்தில் போட நினைத்தால் தாராளமாகப் போடலாம், தடை கிடையாது. ஆனால் அந்தச் சிரமத்தை இப்போது யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தள்ளிவிடுவதை நட்ஜ் என்கிறார்களே, அது இவ்வளவுதான். இந்த வழியைப் பரப்பிய ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அமெரிக்காவில் ஓய்வுக்காலச் சேமிப்பில் ஊழியர்களைத் தானாகச் சேர்த்துவிட்டு, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றபோது பெரும்பாலோர் விலகவே இல்லை.

இதைக் கேள்விப்பட்ட தலைமையகத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் 'இதில் ரகசியத் தகவல் உள்ளதா?' என்று ஒரு பெட்டி. கொஞ்ச நாளில் எல்லாரும் படிக்காமலே ஓகே தட்டப் பழகிவிட்டார்கள். இது நட்ஜ் இல்லை, நச்சரிப்பு. 12 இலக்க மைகாட் (அடையாள அட்டை) எண் உள்ள கோப்பு வெளி முகவரிக்குப் போகும்போது மட்டும் கேட்டால் போதும், எப்போதோ ஒருமுறை வருவதைத்தான் மனுஷன் நின்று படிப்பான். அப்புறம், இதையெல்லாம் ஆட்களிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். மறைத்துச் செய்தால் வேவு பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும்.

வாட்சப்தான் பெரிய தலைவலி. புது ஆள் வந்ததும் மண்டோர் பாஸ்போர்ட்டைப் போனில் படம் பிடித்து குரூப்பில் போட்டுவிடுகிறார். 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய தனிநபர் தகவல் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெரட்டு நடக்கும் இடத்திலேயே ஒரு ஸ்கேனர் வையுங்கள், ஒரே பட்டனில் படம் டிரைவுக்குப் போகட்டும், குரூப்பில் போடுவதைவிட அது சுலபமாக இருந்தால் அவரே அங்கே போவார் என்று கேட்டிருக்கிறேன். செலவாகும் என்று இழுத்தடிக்கிறார்கள்.