பில் மேசையிலிருந்து பார்த்த கொத்தனார்கள்

குமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் பில் போடுகிறேன். சிமெண்ட், கம்பி, பைப், பெயிண்ட் எல்லாம் விற்கிறோம். ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கேரளம். அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரர்கள் இங்கே சாமான் வாங்க வருவார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே வேலைக்குப் போவார்கள். விலை கேட்டு முடித்ததும் வருகிற பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "மக்களே, நம்பி வேலை குடுக்க நல்ல கொத்தனார் ஆராவது உண்டா?"

பலருடைய வீட்டுக்காரரோ மகனோ வளைகுடாவில் இருப்பார். பணம் அங்கிருந்து வரும். வேலையைப் பார்த்துக்கொள்வது வயதான அம்மாவோ கைக்குழந்தைக்காரியோதான். பெரிய வேலையும் இருக்காது. ஓட்டு வீட்டோடு ஒரு வார்ப்பு (கான்கிரீட்) அறை சேர்க்கணும், ஒழுகும் மொட்டை மாடியைச் சரிசெய்யணும், பாத்ரூமை மாற்றணும், அவ்வளவுதான். இந்தச் சின்ன வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அதற்குக் காரணம் கூலி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி 2022-23இல் கேரளத்தில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 850 ரூபாய்க்கு மேல். நாட்டுச் சராசரி 400-ஐக்கூட எட்டவில்லை. தொழில் தெரிந்தவர் காலையில் பஸ் ஏறி எல்லை தாண்டுவதைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அவர் விட்டுப்போன இடத்தில் "நாளைக்கே தொடங்கிரலாம், பாதி அட்வான்ஸ் தாங்க" என்கிறவர் வந்து நிற்கிறார். ஊரெல்லாம் ஆள் தட்டுப்பாடாக இருக்கும்போது இவருக்கு மட்டும் எப்படி நாளைக்கே நேரம் கிடைத்தது என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு கான்ட்ராக்டர் எப்படிப்பட்டவர் என்பது பில் மேசையில் சீக்கிரமே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் கணக்கில் 10 மூட்டை சிமெண்ட் எழுதச் சொல்லி, அதில் மூன்றை வேறு சைட்டுக்கு ஏற்றச் சொல்பவர் உண்டு. வேலை முடிந்ததும் மிஞ்சின பைப்பையும் எல்போவையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, "அக்கா, இத அந்த வீட்டுக் கணக்குல கழிச்சிருங்க" என்பவரும் உண்டு. யாராவது கேட்டால் இரண்டாமவர் நம்பரைத்தான் எழுதிக் கொடுப்பேன். மூட்டையில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தைப் படித்துவிட்டு ஏற்றுபவர், கம்பியை எடை போட்டுப் பார்க்கணும் என்று நிற்பவர், இவர்களையும் நம்பலாம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.66 கிலோ. எடை ரொம்பக் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று அர்த்தம். கடையில் இருந்துகொண்டு சொல்கிறேன், எடை போடச் சொன்னால் எந்த நல்ல கடையும் கோபப்படக் கூடாது.

பெயிண்ட் டப்பாக்களில் டோக்கன் வைக்கிற வழக்கம் இருக்கிறது. அது பெயிண்டருக்குக் கம்பெனி கொடுக்கும் காசு. டைல்ஸிலும் பாத்ரூம் சாமான்களிலும் கமிஷன் ஓடுகிறது. தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், பணம் கொடுக்கிற வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. "டோக்கன் எனக்கு வரும், அதையும் சேர்த்துத்தான் கூலி சொல்லியிருக்கேன்" என்று முதலிலேயே சொல்லும் பெயிண்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்புறம், கான்ட்ராக்டர் கூட்டிப்போய்க் காட்டும் புது வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயிண்ட் காயாத வீடு எல்லாமே அழகுதான். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அந்த இரண்டையும் இரண்டு வருஷமாவது தாங்கிய வீட்டைக் கேட்டு வாங்கி, அவர் இல்லாமல் தனியாகப் போய்ப் பாருங்கள். சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், பாத்ரூமின் வெளிச்சுவர், மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாய், இங்கெல்லாம் ஈரத்தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அந்த வீட்டு அம்மாவிடம், "ஒழுகுதுன்னு கூப்பிட்டப்போ வந்தாரா?" என்று கேளுங்கள். எவ்வளவு நல்ல கொத்தனார் செய்த வேலையிலும் ஒரு கசிவு வரலாம். காசு வாங்கி முடித்தபிறகும் போனை எடுக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வயரிங் செய்பவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள், அதற்குக் கூச்சமே வேண்டாம்.

பணத்தை வேலை நடக்க நடக்கப் பிரித்துக் கொடுப்பதுதான் சரி. எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு, சாமான் யார் வாங்குவது, மிஞ்சினது யாருக்கு, வார்ப்புக்குத் தண்ணீர் விடுவது யார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதணும். கலப்பு சிமெண்டில் வார்த்தால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி. வார்த்த மறுநாளே ஆள் வேறு சைட்டுக்குப் போய்விட்டால் அந்தத் தண்ணீரை வீட்டில் இருக்கிற அம்மாதான் சுமக்கணும். மாடி ஒழுக்கு வேலையென்றால், தண்ணீர் கட்டி நிறுத்தி இரண்டு நாள் கீழே பார்த்தபிறகு கடைசித் தவணை.

"ஆள் கேரளத்துக்காரர், நாளைக்கு ஏதாவதுன்னா திருவனந்தபுரத்துக்கா அலைய முடியும்?" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அலைய வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு நாகர்கோவிலே போதும். பிரச்சினை தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் போகணும், கையில் அந்தத் தாளும் பில்லும் இருக்கணும். எல்லையோரம் இருக்கிற நமக்கு இது எவ்வளவு பெரிய உதவி! வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு அம்மாவுக்கு நான் சொன்ன கொத்தனார், மழை நேரத்தில் மாடி வேலை எடுக்கமாட்டேன், தையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முதலில் வருத்தம். தாளில் எழுதணும் என்று தயங்கிக்கொண்டே சொன்னாராம். "நீங்க எழுதுங்கம்மா, நான் ஒப்பு போடுறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒழுகும் இடத்தில் ஒரு தார்ப்பாயும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அட்வான்ஸ் வாங்கவில்லை. தை இரண்டாம் வாரம் வேலை தொடங்கியது. சிமெண்ட் எங்கள் கடையிலிருந்துதான் போனது, மிஞ்சின இரண்டு மூட்டை திரும்பியும் வந்தது.