கிளச் கேபிள் கொழும்பிலிருந்து வருகிறது

அப்பா விட்டுப்போன சொத்தில் எனக்கு வந்தது ஒரு எம்டி 90. ஜப்பானில் தபால்காரர் கடிதம் கொண்டு திரியவென்று ஹொண்டா செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள். இலங்கையில் எங்கட வன்னிக்கு வந்து நெல்மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றித் திரிந்தது. சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் பெற்றோல் வர விடமாட்டார்கள். காபரேட்டருக்குள் ரெண்டு சொட்டு பெற்றோலைப் பீச்சி உதைத்து, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓட்டுவார் அப்பா. பின்னால் வருகிற ஆளுக்குக் கண் எரியும், ஆனால் சைக்கிள் ஓடும். மண்ணெண்ணெய் குடித்து ஓடின சைக்கிள், பெற்றோல் செட்டில் நல்லதாய் அடிக்கிற இந்தக் காலத்தில்தான் படுத்தது.

சித்திரை வருசம் கழிந்த கிழமை அது. உதைத்தால் புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்கு உருட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் தம்பி ரெண்டுதரம் உதைத்துவிட்டுத் தலையைச் சரித்துக் காது கொடுத்தார். என்னைப் பார்க்கிற டொக்டர்கூட இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

"பிஸ்டன் ரிங்ஸ் போச்சுது அண்ணை. சின்ன வேலை. நாளைக்குப் பின்னேரம் வந்து எடுங்கோ."

மறுநாள் பின்னேரம் போனேன். எஞ்சின் கழன்றிருந்தது. பிஸ்டன் வெட்டின ஒயில் கானுக்குள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்க, நட்டுகள் எல்லாம் பால்மாப் பேணிக்குள். சீற்றைக் கழற்றி மூலையில் ஒரு மரப்பெட்டிக்கு மேல் சாத்தியிருந்தார்கள். அதன் நிழலில், பெட்டிக்குள், ஒரு கோழி.

"அடைக்கு வைச்சது அண்ணை. சீற்றுக்கு ஒண்டும் செய்யாது."

சரி, கோழியோடு எனக்கென்ன கோபம்.

அடுத்த கிழமை போனால் முற்றம் முழுக்க ட்ரக்டர். சிறுபோகத்துக்கு முத்தையன்கட்டுத் தண்ணி திறக்கப் போகிறார்களாம், கமக்காரர் தலையில் நிற்கிறார்களாம். இதை நான் ஒத்துக்கொண்டேன். நானும் வயல்காரன் பிள்ளைதான், உழவு பிந்தினால் என்ன நடக்கும் என்று தெரியும். அதற்கடுத்த கிழமை வேலைக்கு நிற்கிற பெடியனுக்குக் காய்ச்சல். பிறகு, லேத் வேலைக்குச் சாமான் வவுனியா போய்விட்டதாம். ஒருநாள் "டொலர் பிரச்சினை அண்ணை, சாமான் வருகுதில்லை" என்றார். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் காட்டி வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். அவர் அந்தச் சாட்டைக் கழுவித் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

போன் எடுத்தால் எப்போதும் ஒரே பதில்தான். "உங்கட சைக்கிளிலதான் அண்ணை கை வைச்சுக்கொண்டு நிக்கிறன்." பின்னணியில் கிரிக்கெற் வர்ணனை கேட்கும்.

இதற்கிடையில் கோழி தன் வேலையை முடித்துவிட்டது. 21 நாள், சொன்ன தவணைக்கு ஒன்பது குஞ்சு. மனுசியிடம் சொன்னேன். "அப்ப சைக்கிளையும் அந்தக் கோழியிட்டையே குடுத்திருக்கலாம்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வைகாசி வந்தது. இந்தப் பக்கத்தில் வைகாசி என்றால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். பொங்கலுக்கு முன்னம் நடக்கிற பாக்குத்தெண்டல் சடங்குக்கு முதல் தருவதாகச் சொன்னார், தரவில்லை. தீர்த்தமெடுக்கிற திங்களுக்கு முதல் கட்டாயம் என்றார், அதுவும் போய்விட்டது. முல்லைத்தீவுக் கடலில் எடுத்து வருகிற உப்புத் தண்ணியில் அம்மனுக்கு விளக்கெரிகிற ஊர் இது. பெற்றோல் விட்டும் என் சைக்கிள் எரியவில்லை.

கடைசியாகப் போனபோதுதான் அந்தச் சாட்டு வந்தது.

"எல்லாம் முடிஞ்சுது அண்ணை. கிளச் கேபிள் ஒண்டுதான். கொழும்பால வரவேணும்."

நான் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, முதல் பிடி சோற்றை வாயில் வைக்கும்போதுதான் பொறி தட்டியது. எம்டி 90க்குக் கிளச் பிடியே இல்லை. காலால் கியர் தட்டினால் கிளச் தன்பாட்டில் வேலை செய்யும். இல்லாத கேபிளை எந்தக் கடையில் தேடுகிறார்கள்?

பொங்கலுக்கு பஸ்ஸில் போனேன், ஒற்றைக்காலில் நின்றபடி. கும்பிட்டுவிட்டு இருட்டினபிறகு சைக்கிள் விடுகிற இடத்தால் வரும்போது, லைற் வெளிச்சத்தில் ஒரு சிவப்பு எம்டி. இருக்கட்டும், ஊரில் இன்னும் நாலைந்து ஓடுகிறதுதானே என்று தாண்டினேன். பிறகு திரும்பினேன். சீற்றின் ஓரத்தில் கோழி எச்சம், காய்ந்து வெள்ளையாக.

பக்கத்திலேயே நின்றேன். முக்கால் மணித்தியாலம் கழித்துத் தம்பி வந்தார், நெற்றி நிறையத் திருநீறு, கையில் கச்சான் சரை. என்னைக் கண்டதும் கச்சானை நீட்டினார். உண்மையில் அதைத்தான் முதலில் செய்தார்.

"ஓட்டம் பாக்கக் கொண்டந்தனான் அண்ணை."

"20 கிலோமீற்றரோ?"

"புது ரிங்ஸ் எண்டா கொஞ்சத் தூரம் மெதுவா ஓடிப் பழக்க வேணும்."

அது உண்மை, அதுதான் எரிச்சல்.

"கிளச் கேபிள் வந்திட்டுதோ?"

ஹாண்டிலைப் பார்த்தார். இடது கைப்பக்கம் வெறுமையாக இருந்தது. "அது... வேற ஆளின்ர சைக்கிளுக்கு" என்றார்.

திறப்பை வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் ஆளை நடுவழியில் விட மனம் வரவில்லை, பின்னுக்கு ஏற்றிக்கொண்டேன். முள்ளியவளை தாண்டி, வீடுகள் குறைந்து, ரெண்டு பக்கமும் காடாகிற இடத்தில் எஞ்சின் இருமி நின்றது. யானை கடக்கிற றோட்டு. நான் அம்மனைக் கூப்பிட்டேன். தம்பி பேசாமல் இறங்கி, போன் லைற்றை என் கையில் தந்து, பிளக்கைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்து, இடைவெளியை ஒரு காசால் தட்டிச் சரிபார்த்துப் பூட்டினார். ஒரே உதையில் வேலை செய்தது. பத்து நிமிசமும் ஆகியிருக்காது.

"தம்பி, ஏழு கிழமை என்னை ஏன் அலைய வைச்சனீர்?"

ஏறி உட்கார்ந்து, கச்சான் கோதை ஊதிவிட்டு, யோசித்துத்தான் சொன்னார்.

"அங்க கராஜில பதினைஞ்சு வாகனம் நிக்குதண்ணை. இஞ்ச உங்கட ஒண்டுதானே."