பணி விளைபொருளின் நிலையை எங்கே எழுதி வைப்பது?

ஒரு திட்டத்தின் வேலைகள் உருவாக்கும் அல்லது பயன்படுத்தும் பொருளே பணி விளைபொருள். அதற்கு ஓர் எடுத்துக்காட்டான, மென்பொருள் திட்டத்தின் தேவை ஆவணம் தொடக்கத்தில் வெறும் தலைப்புகளின் பட்டியலாக இருக்கும். சில வாரங்கள் கழித்து முக்கியமான பயன்பாட்டு நிகழ்வுகள் மட்டும் விரிவாக எழுதப்பட்டிருக்கும். பிறகு வாடிக்கையாளர் ஒப்புதல் கிடைத்து, மாற்றக் கோரிக்கை இல்லாமல் ஒரு வரியைக்கூடத் தொட முடியாத கட்டத்துக்கு அது வந்துவிடும். இத்தனைக்கும் ஆவணத்தின் பெயர் ஒன்றுதான். ஆகவே செயல்முறையை மாதிரியாக வரைகிறவர் ஒரு வேலைக்கு உள்ளீடு ‘தேவை ஆவணம்’ என்று மட்டும் எழுதினால், அவர் பாதி விவரத்தைத்தான் சொல்லியிருக்கிறார். எந்த நிலையில் உள்ள தேவை ஆவணம் என்பதே மீதிப் பாதி.

செயல்முறைகளை மாதிரியாக வரைய நான் அதிகம் புழங்கிய கருவி எக்லிப்ஸ் ப்ராசஸ் ஃப்ரேம்வொர்க் கம்போசர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். இக்கருவி வழிமுறை உள்ளடக்கத்தையும் (வேலைகள், விளைபொருள்கள் முதலியவற்றின் பொது வரையறைகள்) செயல்முறையையும் (அவை நடக்கும் வரிசை) தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. பணி விளைபொருளை, அது ஆர்டிஃபாக்டாகவோ டெலிவரபிளாகவோ அவுட்கமாகவோ இருக்கலாம், உள்ளடக்கப் பகுதியில் ஒரே ஒரு முறை வரையறுக்கிறோம். அதைச் செயல்முறைக்குள் கொண்டுவரும் இடத்தில் டிஸ்கிரிப்டர் என்ற பிரதிநிதி ஒன்று உருவாகிறது. ஒரு கட்டமோ வேலையோ தொடங்கும்போது விளைபொருள் இருக்க வேண்டிய நுழைவு நிலை, முடியும்போது இருக்க வேண்டிய வெளியேறு நிலை என்ற இரண்டு பெட்டிகளும் அந்தப் பிரதிநிதியில்தான் இருக்கின்றன, மூலப் பொருளில் இல்லை. இது சரியான ஏற்பாடு என்றே கருதுகிறேன். நிலை என்பது காலத்தைப் பொறுத்தது, காலம் செயல்முறையைச் சேர்ந்தது.

சிக்கல் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. அவற்றில் என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். திட்டத்தின் முதல் கட்டமான இன்செப்ஷனின் வெளியேறு நிலையில் ஒருவர் ‘வரைவு’ என்று எழுதுவார். அடுத்த கட்டமான எலாபரேஷனின் நுழைவு நிலையில் இன்னொருவர் ‘முதல் வரைவு’ என்று எழுதுவார். கருவி எந்த எச்சரிக்கையும் தராது; வெளியிடப்படும் இணையதளத்திலும் இரண்டும் அப்படியே ஏறிவிடும். படிக்கிற திட்ட மேலாளருக்கோ இரண்டும் ஒன்றா, இடையில் ஏதாவது வேலை நடக்க வேண்டுமா என்பது விளங்காது. கேபபிலிட்டி பேட்டர்னை, அதாவது பல செயல்முறைகளில் மீண்டும் பயன்படும் வேலைத் தொகுப்பை, நகலெடுத்துப் பயன்படுத்தும் வழக்கமுள்ள குழுவில் இந்த வேறுபாடு நகலுக்கு நகல் பெருகும்.

இது இந்த ஒரு கருவியின் குறை அன்று. 2011 ஜனவரியில் வெளிவந்த பி.பி.எம்.என். 2.0 என்ற வணிகச் செயல்முறை வரைபடத் தரத்தில் ஒரே தரவுப் பொருளை வரைபடத்தின் பல இடங்களில் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் சதுர அடைப்புக்குள் அதன் நிலையை எழுதலாம். ஆனால் எந்தெந்த நிலைகள் செல்லும், அவற்றின் பொருள் என்ன என்பது தன் வரம்புக்குள் வராது என்று அந்தத் தரமே வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. ஆக, பட்டியலை உருவாக்கிக் காப்பது நம் தலையில்தான் விழுகிறது.

நான் செய்வது இதுதான். ஒவ்வொரு முக்கிய விளைபொருளுக்கும் உள்ளடக்கப் பகுதியிலேயே நிலைகளின் பட்டியலை ஒரு வழிகாட்டுதல் பக்கமாக எழுதி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை அந்த விளைபொருளோடு இணைத்துவிடுகிறேன். மூன்று அல்லது நான்கு நிலைகளுக்கு மேல் போனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ‘மதிப்பாய்வில் உள்ளது’ என்பதை நான் நிலையாக ஏற்பதில்லை, ஏனெனில் அது நடந்துகொண்டிருக்கும் வேலையின் பெயர். ‘மதிப்பாய்வுக் குறைகள் தீர்க்கப்பட்டது’ என்பதை ஏற்பேன், ஏனெனில் எழுதியவரைக் கேட்காமலேயே ஆவணத்தையும் குறைப் பதிவையும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியும். ‘எண்பது சதவீதம் முடிந்தது’ என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதற்கு நல்ல முன்மாதிரி மென்பொருள் தரங்களை வெளியிடும் ஓ.எம்.ஜி. அமைப்பின் எசென்ஸ் தரம்: அதில் ‘தேவைகள்’ என்ற ஆல்ஃபாவுக்கு (முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டிய அம்சத்துக்கு) ஆறு நிலைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புக் குறிப்புகளும் உண்டு. ஆறு என்பது என் கணக்குக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் குறிப்புகள் எழுதப்பட்டுள்ள முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

மறுசுழற்சி செய்யப்படும் பேட்டர்ன்களில் கூடுதல் கவனம் தேவை. ஒரே ‘தேவைகளை விரிவாக்கு’ பேட்டர்னை எலாபரேஷனிலும் அதற்கு அடுத்த கட்டமான கன்ஸ்ட்ரக்ஷனிலும் விரிவாக்க முறையில், அதாவது நகலெடுக்காமல் மூலத்தோடு தொடர்பை வைத்து, இணைத்தால், உள்ளே இருப்பவை மூலப் பேட்டர்னையே சார்ந்திருக்கும். அங்கே வெளியேறு நிலையை எழுதிவைத்தால் இரண்டு கட்டங்களிலும் அதுவே தெரியும், அது இரண்டில் ஒன்றில் நிச்சயமாகத் தவறாக இருக்கும். எனவே பேட்டர்னுக்குள் அந்தப் பெட்டிகளை வெறுமையாக விட்டுவிட்டு, முழுத் திட்டத்துக்குமான செயல்முறையாகிய டெலிவரி ப்ராசஸில் அந்தந்தக் கட்டத்தின் மட்டத்திலேயே விளைபொருளைச் சேர்த்து நிலையை எழுதுகிறேன்.

சரிபார்ப்பது கடினமன்று. பணி விளைபொருள் பயன்பாட்டுத் தாவலில் நுழைவு, வெளியேறு நிலைகள் நெடுவரிசைகளாகத் தெரியும். சிறிய செயல்முறைக்குக் கண்ணால் ஓட்டிப் பார்த்தாலே போதும். கருவியில் சேமித்த நூலகம் (வரையறைகளும் செயல்முறைகளும் அடங்கிய தொகுப்பு) பெரிதாக இருந்தால், அதன் கோப்புகள் எக்ஸ்.எம்.ஐ. என்ற எக்ஸ்.எம்.எல். சார்ந்த வடிவில் உள்ள வெறும் உரை என்பதால், எல்லாக் கோப்புகளிலும் தேடி நிலை மதிப்புகளை மட்டும் உருவியெடுத்து, திரும்ப வருபவற்றை நீக்கிவிட்டுப் பட்டியலோடு ஒப்பிடலாம். அப்போது இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: பட்டியலில் இல்லாத பெயர் ஏதும் உண்டா? ஒரு நுழைவு நிலை, அதற்கு முந்தைய ஏதாவது ஒரு வெளியேறு நிலையிலிருந்து வருகிறதா? இரண்டாவது கேள்வியில் சிக்குபவை பெரும்பாலும் எழுத்துப் பிழைகள் அல்ல. யாருக்கும் ஒதுக்கப்படாமல் விடுபட்ட ஒப்புதல் வேலைகள்.

மாதிரியில் எழுதுவது எதிர்பார்க்கப்படும் நிலையை மட்டுமே. இன்றைக்கு அந்த ஆவணம் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஜிரா போன்ற பணிப் பதிவுக் கருவிதான் சொல்ல வேண்டும். அதன் வொர்க்ஃப்ளோவை அமைக்கும் நிர்வாகிக்கு நிலைப் பட்டியல் பக்கத்தின் இணைப்பை அனுப்பி, பெயர்களை எழுத்துக்கு எழுத்து அதிலிருந்தே எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.