கொட்டச் சொன்ன தண்ணீர்

சென்னையில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடுவது என் வேலை. கையில் டார்ச், பையில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. தெருவுக்குள் நுழைந்தாலே, "புகை எப்பம்மா அடிப்பீங்க?" என்றுதான் கேட்பார்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற தட்டைப் பார்க்கணும் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு என்னை வேளச்சேரிப் பக்கம் வேலைக்குப் போட்டார்கள். வெள்ளம் ஓடும்போது புழுவையும் அடித்துக்கொண்டு போய்விடும். வடிந்த பிறகுதான் எனக்குப் பயம். தெருவில் குவிந்த உடைந்த வாளி, டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றிலும் அடுத்த மழை தெளிவாகத் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும்.

ஒரு வீட்டில் வயதான அம்மா தனியாக இருந்தார். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. மூலையில் மூன்று நீல டிரம்மில் லாரித் தண்ணீர். டார்ச் அடித்ததும் ஒன்றில் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. குடிக்கிற தண்ணீரில் மருந்து ஊற்ற அவர் சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் கொட்டிடுங்கம்மா என்றேன்.

"எல்லாம் போச்சு கண்ணு. இது வரிசையில நின்னு புடிச்ச தண்ணி. இதையும் கொட்டணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதும் இதே டிரம்களைத்தான் எட்டிப் பார்த்துக் கொட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாதவர்களிடம் போய் அதைச் சொல்வது எப்படிப்பட்ட வார்த்தை என்று இந்த அம்மா கேட்டபோதுதான் உறைத்தது.

சரி என்று பையைக் கீழே வைத்தேன். அவருடைய பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் பிடித்தோம். மக்கால் மொண்டு மொண்டு அடுத்த டிரம்முக்கு வடிகட்டினோம். துணியில் தங்கிய புழுவை வெயிலில் உதறினேன். அப்புறம் காலி டிரம்மின் உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். இத்தனை வருஷம் 'கொட்டுங்க' என்று சொன்ன அளவுக்கு 'தேயுங்க' என்று நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

அந்த ஒரு வீட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகளின் கணக்கு குறைந்துபோனது.

அடுத்த வாரம் போனபோது டிரம்களின் வாயில் அந்த வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். "நம்ம பொண்ணுதான், மாடியில போய்ப் பாக்கட்டும்" என்றார். அந்த வீட்டுக்காரர்கள் அதுவரை என்னை உள்ளே விட்டதே இல்லை.