காய்ச்சலா? ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுப் படுங்கள்

2024 பிப்ரவரியில் ஒரு நாள், காலை நாலரை மணி. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது. ஆறு மணிக்கு நான் போய்க் கடையைத் திறக்க வேண்டும். நியூயார்க்கில், குவீன்ஸ் பக்கம், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வேலை. பெயர் வேண்டாம். காய்ச்சல், வர முடியாது என்று மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "உங்களுக்குப் பதிலாக யார் வருகிறார்கள்? ஆள் பிடித்துவிட்டுச் சொல்லுங்கள்."

போர்வைக்குள் கிடந்தபடி கூட வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். நான்கு பேர் எடுக்கவில்லை. ஐந்தாவதாக எடுத்த எக்வடார்க்காரப் பெண் முந்தின இரவு கடை சாத்திவிட்டு அப்போதுதான் படுத்திருந்தாள். பாவம், வருகிறேன் என்றாள். மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். திரும்பிப் போனதும் மேனேஜர் டாக்டர் கடிதம் கேட்டார். வாரக் கடைசியில் வந்த சம்பளத்தில் அந்த மூன்று நாளும் இல்லை. நாளுக்கு 7 மணி நேரம், மணிக்கு 16 டாலர். மொத்தம் 336 டாலர் போச்சு. பார்ட் டைம் ஆளுக்கு ஏது லீவு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சமாதானமாகாதவர் கீழ்வீட்டு ஆபா. ஆபா என்றால் வங்காளதேசத்துக்காரர்களிடம் அக்கா. அவரும் இன்னொரு செயின் கடையில் பத்து வருடம் தேய்ந்தவர். கிச்சடிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் பே ஸ்டப்பை, அதான் சம்பளச் சீட்டை, காட்டு." போனில் திறந்து கொடுத்தேன். மொத்தத் தொகையைத் தவிர அதில் நான் எதையும் பார்த்ததே இல்லை. அவர் விரலால் கீழே தள்ளிக்கொண்டே போய், வரிப் பிடித்தமெல்லாம் தாண்டி, ஒரு பொடி எழுத்து வரியில் நிறுத்தினார். சிக் லீவ், கையிருப்பு: 41.5 மணி நேரம்.

லீவுக்குச் சம்பளமே தராமல் விட்டார்கள். அவர்கள் கம்பெனிக் கம்ப்யூட்டரோ வாராவாரம் எனக்கு லீவைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது! சட்டப்படி ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்ந்தது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் காட்டியாக வேண்டுமாம். அதற்காகத்தான் அந்த வரி.

நியூயார்க் நகரத்துக்கென்றே 2014 ஏப்ரலிலிருந்து ஒரு சிக் லீவ் சட்டம் இருக்கிறது. 30 மணி நேரம் வேலை செய்தால் 1 மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு சேரும். பார்ட் டைமுக்கும் உண்டு, விசா, குடியேற்றப் பேப்பர் இல்லாதவர்களுக்கும் உண்டு. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி என்றால் வருடத்துக்கு 56 மணி நேரம் வரை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இதையே எடுக்கலாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டவை இரண்டு. தொடர்ந்து மூன்று வேலைநாளுக்கு மேல் போனால்தான் டாக்டர் கடிதம் கேட்கலாம். அப்படிக் கேட்டாலும் அந்தக் கடிதத்துக்கு ஆகும் கட்டணத்தை முதலாளிதான் தர வேண்டும். இன்னொன்று, பதில் ஆள் பிடித்துத் தா என்று நிபந்தனை போடவே கூடாது. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 500 டாலர். நாலரை மணிக்கு ஐந்து பேருக்குப் போன் போட்ட எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் ஆபா ஷெட்யூல் பக்கம் வந்தார். எங்கள் கடையில் அடுத்த வார ஷெட்யூல் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸப் குரூப்பில் விழும். ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி எடுத்த போட்டோ. திங்களன்று அதையும் அடித்துத் திருத்தி இன்னொரு போட்டோ. கூட்டம் இல்லையென்றால் "இன்று வர வேண்டாம்" என்று ஒரு மணி நேரம் முன்னால் தகவல் வரும். பாதி வழியில், 7ஆம் எண் சப்வே ட்ரெயினில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வந்திருக்கிறது. போக்குவரத்துச் செலவு நம்முடையது.

நாடு முழுக்க 30 கிளையோ அதற்கு மேலோ உள்ள ஃபாஸ்ட் ஃபுட் செயின்களுக்கு 2017 நவம்பரிலிருந்து இந்த ஊரில் தனி விதி. ஷெட்யூலை 14 நாள் முன்னால் தர வேண்டும். பிறகு மாற்றினால் சம்பளத்துக்கு மேல் தனியாகப் பணம். 24 மணி நேரத்துக்குள் வேலையைக் குறைத்தாலோ ரத்து செய்தாலோ 75 டாலர். ஒரு வாரத்துக்குள் என்றால் 45. கூடுதல் நேரம் தந்தால் 10 அல்லது 15. கூடுதல் நேரம் வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு.

க்ளோபனிங் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. க்ளோசிங்கையும் ஓப்பனிங்கையும் ஒட்டவைத்தது. ராத்திரி பதினொன்றே முக்காலுக்குச் சாத்திவிட்டுப் போய், விடிகாலை ஆறுக்குத் திறக்க வருவது. இடையில் 11 மணி நேரம் இல்லையென்றால் நம் எழுத்துச் சம்மதம் வேண்டும், கூடவே 100 டாலரும் தர வேண்டும். நான் எத்தனை செய்திருக்கிறேன் என்று எண்ண உட்கார்ந்தேன். வாட்ஸப் போட்டோக்களையும் என் மெட்ரோ கார்டு (ட்ரெயின் டிக்கெட் கார்டு) கணக்கையும் ஒட்டிப்பார்த்ததில் நிச்சயமாகத் தெரிந்தவை நான்கு. பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், ஷெட்யூலில் இருந்தது, உண்மையில் நடந்தது என்று நான்கு கட்டம் போட்டு எழுதினேன். இந்த நோட்டுதான் பிறகு எல்லாவற்றையும் தூக்கிப்பிடித்தது.

ஒரு இடத்தில் மட்டும் வழுக்கினேன். ஒருமுறை மேனேஜர் சிரித்த முகத்தோடு, "ஷிப்டை மாற்றித்தரச் சொல்லி நீங்களே கேட்டதாக ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், ஒரு ஃபார்மாலிட்டிக்கு" என்றார். நானும் போட்டேன். நாமாகக் கேட்டு மாற்றினால் அந்தப் பணம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பொய் சொல்லிக் கேட்கும் பணம் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில், காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

மார்ச்சில் நகர அரசின் உதவி எண்ணான 311க்குப் போன் செய்தேன். தமிழ் வேண்டும் என்றதும் கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ். நான் சிக் லீவ் என்கிறேன், அவர் "சுகவீன லீவு" என்கிறார். கேட்கவே நன்றாக இருந்தது. க்ளோபனிங் வந்தபோதுதான் தடுமாறினார். "அக்கா, இரவு பூட்டி விடிய திறக்கிறதோ?" அதேதான்.

இதைப் பார்ப்பது நகரத்தின் நுகர்வோர் மற்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறை. இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். பே ஸ்டப், வாட்ஸப் படங்கள், அந்த நாலரை மணி மெசேஜ், நோட்டுப் பக்கம் எல்லாவற்றையும் அனுப்பினேன். வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம்தான், ஆனால் சட்டம் சொல்வதை வயிறு நம்ப வேண்டுமே! ஒரு மாதம் என் நேரத்தைக் குறைத்தார்கள். அதையும் நோட்டில் எழுதி, விசாரணை அதிகாரிக்கு அனுப்பினேன். அடுத்த மாதமே நேரம் பழையபடி வந்துவிட்டது.

மற்றதெல்லாம் காத்திருப்புதான். துறை கம்பெனியிடம் ஆவணம் கேட்டது, கம்பெனி அவகாசம் கேட்டது, அதிகாரி இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஒன்பது மாதம் கழித்து, வழக்காகப் போகாமல் ஒப்பந்தமாக முடிந்தது. நான் போட்ட கணக்கு முழுதாக வரவில்லை. கைக்கு வந்தது 1,400 டாலருக்குக் கொஞ்சம் மேல். எக்வடார்ப் பெண்ணுக்கும் ஒரு காசோலை வந்தது. அவள் புகாரே கொடுக்கவில்லை. துறை கம்பெனியிடம் கேட்டு வாங்கிய ஆவணங்களில் அவள் பெயரும் இருந்திருக்கிறது.

இப்போது ஷெட்யூல் அச்சடித்து, 14 நாள் முன்னால், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்படுகிறது. எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டாம் வாரத்துக்குள் மஞ்சளாகிவிடும். போன வெள்ளிக்கிழமை ராத்திரி, கடை சாத்திவிட்டு ட்ரெயினுக்கு நிற்கும்போது மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தது: "நாளை காலை ஆறு மணிக்குத் திறக்க ஆள் இல்லை. 100 டாலர் உண்டு. சம்மதமா? எழுத்தில் சொல்லுங்கள்."

சம்மதமில்லை என்று எழுதி அனுப்பினேன். சனிக்கிழமை எட்டு மணிவரை தூங்கினேன்.